மூச்சு விட இடமிருக்கிற பாட்டு

செவ்வாய்க்கிழமை, இரவு.

தூக்கமே வரவில்லை. ஆந்திராவில் இருக்கும் எங்கள் நகரியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நாளை ஊர்வலம். அதில் பாடப்போகிற பாட்டு என்னுடையது!

காலையில் என் வீட்டுக்காரர் பாடிப் பார்த்துவிட்டு, "ஏம்மே, நடந்துக்கினே பாடறவன் எங்க மூச்சு வுடுவான்?" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் 'நாடு' என்பதற்கு எதுகையாக ஆசையாய்ச் செருகியிருந்த 'பீடுமிகு'வை அடித்துவிட்டு, அங்கே ஒரு காற்புள்ளி வைத்தேன்.

சாயங்காலம் முற்றத்தில் நின்று பாடினேன். அடிகள் தாமாகவே நடந்தன! மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ தாளம் போடுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாகுந்தம்மா! இன்னொரு தபா பாடு."

அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். அந்தப் பாட்டு என்ன கேட்கிறது என்பதும் புரியும்.

இன்னொரு தரம் பாடினேன். கடைசி அடியில் குரல் நடுங்கியது எனக்குத்தான். அவள் தாளம் தப்பவில்லை.