சரிசெய்து கெடுத்தது

அக்கா,

உன் கடிதம் வந்தது. அவர் பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் கொடுத்தார். நல்லவேளை, நீ பிள்ளைகளைப் பத்தி மட்டும் எழுதியிருந்தே.

போன ஞாயிறு அவர் கம்ப்யூட்டர்ல புது விண்டோஸ் போட்டார். அன்னையிலிருந்து, ஆன் பண்ணினா முதல்ல வர்ற மேகப் படத்தோட அப்படியே நின்னுடுது. "நீ தொட்டியா?"ன்னு மூணு தடவை கேட்டார். தூசி தட்ட மட்டும்தான் தொடுவேன்னு சொன்னேன். வர்ற சனிக்கிழமை, பிறை ஊர் ஃபேக்டரியில அவரோட வேலை செய்யற நண்பர் நாகநாதன் வந்து, உள்ளே இருக்கிற ஒவ்வொண்ணையும் திறந்து பார்ப்பாராம்.

உள்ளே என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். உங்க ஊர் பள்ளி ஆபீஸ் வேலைக்கு அவருக்குத் தெரியாம நான் அடிச்ச மனு.

இன்னைக்கு அவர் வேலைக்குப் பாலம் தாண்டியிருப்பார்னு தெரிஞ்சதும் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரோட வந்த புத்தகத்தில சொன்னபடி F8 அழுத்தி, அது திறக்கிறப்போ படிக்கிற கட்டளைகளை ஒவ்வொரு வரியா ஓடவிட்டேன். பழைய சவுண்ட் கார்டுக்கான வரியில நின்னுச்சு. அந்த வரியை எடுத்தேன், கம்ப்யூட்டர் ஓடிடுச்சு.

மனுவை அழிச்சேன். அப்புறம் அந்த வரியை இருந்த இடத்திலேயே திரும்ப எழுதி வச்சேன். மறுபடி மேகத்தில நிக்குது. சரியாகியிருந்தா யார் தொட்டதுன்னு கேள்வி வரும் லா.

மனுவைக் கையால எழுதி இதோட வச்சிருக்கேன். நீயே டைப் அடிச்சுக் கொடுத்திடு. பதிலைப் பக்கத்து வீட்டு செல்வநாயகி அக்கா பேருக்குப் போடு.

ஒண்ணு மட்டும் மாத்தியிருக்கேன். கம்ப்யூட்டர் தெரியுமாங்கிற இடத்தில முன்னே 'கொஞ்சம்'னு அடிச்சிருந்தேன். இப்ப 'நல்லாத் தெரியும்'னு எழுதியிருக்கேன்.

உன் தங்கச்சி