சந்திராக்கா காட்டிய கன்றுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வேணி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மறக்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டு ஊரில் நான் நலம். போனில் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை.

இந்த மலைக்காட்டுக்கு வனத்துறையில் நாங்கள் எழுதும் பத்தாண்டுத் திட்டம் முடியப் போகிறது. எனக்கு அறை கொடுத்திருக்கும் சந்திராக்காதான் மரக் கணக்கெடுப்பில் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். அவர் விறகு பொறுக்கும் சரிவுக்குப் போனபோது புல்லை விலக்கி மரக்கன்றுகளைக் காட்டினார்.

"எவ்ளோ கன்னு கீது பாரும்மா! பச்ச மரத்த நாங்க ஒடிக்கவே மாட்டோம். நல்லா எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். கன்றுகள் நன்றாக வரும் இடத்தைத்தான் ஐந்து வருடம் விறகுக்குக்கூட யாரும் நுழையாமல் மூடுகிறோம். மேப்பில் அந்தக் கோட்டைப் போட்டது நான். கோடு சரிதான் அப்பா. அதனால்தான் அழிக்க முடியவில்லை. அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

சிலிண்டர் இருந்தும் எனக்கு விறகில்தான் சமைக்கிறார், ருசியாக இருக்குமாம். சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம், "இன்னாம்மா, மேப் முடிஞ்சிச்சா?" என்கிறார். "இன்னும் இல்லைக்கா" என்கிறேன்.

பரண்மேல் கிடக்கும் கரண்ட் அடுப்பை பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள். இனி நானே சமைத்துக்கொள்கிறேன். ராத்திரியில் போன் செய்யுங்கள். நான் பேசாவிட்டாலும் நீங்கள் எதையாவது பேசிக்கொண்டிருங்கள்.

அக்கா கதவைத் தட்டுகிறார். சாப்பாடு வந்துவிட்டது. மேப்பைச் சுருட்டி வைக்க வேண்டும்.

உங்கள் மகள்,
வேணி