என் குரலில் நீங்கள் பேசிய தமிழ்

மிஸ்ஸி,

இன்று காலை கடையில் சிவப்புச் சவுக்காரப் பெட்டியை உடைத்தேன். அந்தக் காரமான வாசனை வந்ததும் உங்கள் கால்கள்தான் நினைவுக்கு வந்தன. அட்டைக்கடிக்குப் பயந்து முழங்கால்வரை சவுக்காரம் பூசிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுவீர்கள். உங்கள் நாட்டில் நீங்கள் காலமான செய்தி எனக்குப் போன வாரம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது நான் ஒரு வரி எழுதவில்லை. இங்கிலீஷில் எழுத வராது என்பது சாக்கு. வெட்கம்தான் காரணம்.

சண்டை நின்று, சமாதானம், சமாதானம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம். சம்பளம் வாங்காமல் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக, இலங்கை மலையில் எங்கள் தெரணியகலைக்கு வந்தீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கிளினிக் ஆனது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து பஜாரில் கடை போட்டவன், மூன்று பாஷையும் பேசுவான் என்று. பெருமையாகத்தான் வந்தேன். ஆனால் நீங்கள் சொந்தமாகத் தமிழ் பேச ஆசைப்பட்டீர்கள். பின்னேரங்களில் என் கடை ஓரத்தில் நின்று, பேச்சைக் கேட்டுக் கேட்டே படித்தீர்கள்.

ஆரம்பத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நீங்கள் தமிழ் பேசத் தொடங்கியதும் குறைந்தது. ஏனென்று எனக்கும் புரியவில்லை, மாரியாயி வரும்வரை.

மாரியாயி என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர். கணுக்காலில் ஆறாத புண். அவரைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு சொன்னீர்கள்:

“என்னா வேணும்? சீக்கிரம் சொல்லு. வழிய மறிச்சிக்கிட்டு நிக்காத.”

சொல்லும் என்னுடையது, இழுப்பும் என்னுடையது. தோட்டத்துச் சனம் கடைக்கு வந்தால் நான் சொல்வது அதுதான். பஜார் மாத்தயாமாருக்கு, அந்தப் பெரிய மனிதர்களுக்கு, வேறு குரல் வைத்திருந்தேன்.

மாரியாயி சேலையை இறக்கிப் புண்ணை மூடினார். என் பக்கம் திரும்பி, “மிஸ்ஸி தமிழு நல்லாத்தான் படிச்சிருக்கு. எந்தப் பள்ளிக்கூடமுன்னு கேக்கத் தேவையில்ல,” என்றார். வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் போய்விட்டார்.

என்ன தப்பு என்று கேட்டீர்கள். படிப்பறிவில்லாத சனம், அப்படித்தான் என்றேன். நீங்கள் விடவில்லை. இப்படியே விட்டால் அந்தக் காலையே எடுக்க வேண்டி வரும் என்றீர்கள். பிறகு, “நீங்க சொல்ற மாதிரிதானே நானும் சொன்னேன்?”

குற்றம் சாட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டீர்கள். கீழே இருப்பவர்களை விரட்டுகிற பேச்சு அது என்று கடைசியில் சொன்னேன். மரியாதையாக எப்படிச் சொல்வது என்றீர்கள். ‘வாங்கம்மா, உக்காருங்க’ என்று சொல்லிக்கொடுத்தேன்.

அன்று மாலையே மழையோடு மாரியாயியின் லயத்துக்கு ஏறினோம். வாசலில் நின்று, மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தீர்கள். மாரியாயி திகைத்துப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “என் வூட்டுக்கே என்னைய வாங்கன்னு கூப்புடுது பாரு,” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து காலை நீட்டினார். நீங்கள் தரையில் மண்டியிட்டுப் புண்ணைக் கழுவினீர்கள்.

நான் வெளியிலேயே நின்றேன். “நீங்களும் உள்ள வாங்க மொதலாளி, நனையிறீங்க,” என்றார் மாரியாயி. சின்ன வயதில் என் மூக்கைத் துடைத்துவிட்டவர் அவர். என்னை வாடா என்று கூப்பிட வேண்டியவர்.

தினமும் ஏறிப்போய்க் கட்டுப்போட்டீர்கள். கால் தப்பியது. வரிசையும் திரும்பி வந்தது.

நீங்கள் போன பிறகு கடையில் நானும் பேச்சை மாற்றினேன். வியாபாரிதானே, உள்ளதைச் சொல்கிறேன்: ‘வாங்க’ என்றதும் வியாபாரமும் கூடியது. அதனாலேயே, மனசால் மாறினேனா ஆதாயத்தால் மாறினேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அப்படி மாற்றிப் பேசிய முதல் நாள், கடைப்படி ஏறியவர் மாரியாயி. “வாங்கம்மா,” என்றேன். அவர் சட்டென்று நின்று, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அந்த ஆளுக்கு இடம் விட்டு ஓரமாக ஒதுங்கினார்.

பின்னால் யாரும் இல்லை, மிஸ்ஸி. ‘உங்களைத்தான் சொன்னேன்’ என்று மாரியாயியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் தோட்டத்திலிருந்து யார் வந்தாலும், ‘வாங்க’ என்று சொல்லிவிட்டு, அவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்றுதான் பார்க்கிறேன்.