காலியாகாத அட்ரஸ்கள்

2006, பௌர்ணமிக்கு மறுநாள் இரவு

எங்கள் லாட்ஜின் மாடியறையில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரி மரியா இன்று அழாத குறையாக இறங்கி வந்தாள். அவள் ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன். பேச இன்டர்நெட் இல்லை. நான் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். என் மனைவி செல்வி, ரூம்களுக்கு இணைப்பைப் பகிர அவளே அமைத்த லினக்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“கிரிவலம் வந்தவங்க ரூமைக் காலி பண்ணிட்டாங்க. நெட்டுல சேர இது ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு நம்பர் கொடுக்கும், அதான் அட்ரஸ். அவங்களுக்குக் கொடுத்த அட்ரஸ் இன்னும் காலியாகல. ஒரு வாரத்துக்குன்னு வெச்சது என் தப்புதான். புதுசா கேட்டா கொடுக்க ஒண்ணுமில்ல.”

“இப்ப?”

“பௌர்ணமிக்கு நீங்க மணிக்கணக்குல ரூம் விடறீங்களே, அதேதான்.”

பழையவற்றை அழித்தாள், கெடுவை ஒரு மணி நேரமாக்கினாள். மாடியில் மரியா அம்மாவோடு பேசுவது கேட்டது. பாஷை புரியவில்லை. நடுநடுவே “செல்வி” என்றாள். என் பெயர் வரவில்லை. வராததுதான் நியாயம்.