பெயர் சொல்லாத ஜெபம்

மார்ச் 3, திங்கள்

கோப்பு அறைக்குப் புது இரும்பு அலமாரிகள் வந்து இறங்கின. பழைய கோப்புகளை எண் வரிசைப்படி அடுக்கி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. இருபத்து மூன்று வருடங்களாக இந்த மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைக் காத்துக் கிடக்கிறேன். அலமாரிக்கு வயதானால் மாற்றுகிறார்கள், எனக்கு மட்டும் அதே ஆடுகிற நாற்காலி.

தங்கச்சி இன்றும் போனை எடுக்கவில்லை. ஒன்பது நாளாகிறது. நேற்று ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளி அறையை எட்டிப் பார்த்தேன். பதினொரு வருடம் அவள் உட்கார்ந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து, "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொடிசு என் சேலையைப் பிடித்து, "எங்க டீச்சர் எங்க?" என்று கேட்டது. வருவாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

மார்ச் 5, புதன்

எழுதிவிடுகிறேன்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் தங்கச்சி வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு கத்தியை எடுத்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குக் குழந்தை உயிரில்லாமல் பிறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவளாக ஒருநாளும் பேசியதில்லை. அன்றுதான் பேசினாள்.

"நான் ஜெபம் பண்றதே இல்லக்கா. முழங்கால் போடுறேன், ஒண்ணும் வரல. யாரோ இருக்காங்கன்னே தோணல. புள்ளைங்களுக்குக் கதை சொல்றப்போ மட்டும் அவர் பக்கத்துல இருக்கிற மாதிரி கொஞ்சம் இருக்கு. அதுக்குத்தான் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, பெண்கள் ஜெபக் கூட்டம் தையல்காரம்மா வீட்டில். ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொன்னார்கள். முழங்கால் வலி, வேலை மாற்றம், யாருடைய மாமியாரோ. என் முறை வந்தது. நான் பெயர் சொல்லவில்லை. "நம்ம சின்னப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிற ஒரு சகோதரி, ஆண்டவரே, விசுவாசத்தை இழந்து நிக்கிறா" என்று ஆரம்பித்து, பிள்ளை இல்லாமல் போனதையும் சேர்த்துக் கண்ணீரோடு ஜெபித்தேன்.

எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் இரண்டே பேர். இன்னொருத்தி அன்று என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

மார்ச் 6, வியாழன்

அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போனேன். ஆண்டவரிடம் தினமும் என் பாவத்தை அறிக்கை செய்கிறேன், ஆனாலும் மனதில் சமாதானம் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் மட்டும் என்னம்மா? காதுல விழுந்த உடனே 'கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்க'ன்னு அவங்களுக்குச் செய்தி அனுப்பிட்டேன். நேர்ல போய் ஒரு வார்த்தை கேக்கல."

ஆறுதல் சொல்வார் என்று போனேன். அவர் முகம் என்னைவிட வாடிக் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து புத்தகங்களை அடுக்கி முடித்தோம்.

மார்ச் 14, வெள்ளி

ஒருவர் வந்து தம்பி மனைவியின் கோப்பைக் கேட்டார். "சொந்தக்காரங்கதாம்மா, நல்லதுக்குத்தான் கேக்குறேன்" என்று கெஞ்சினார். "நல்லதுக்கா கெட்டதுக்கான்னு நான் கேக்கலீங்க. அது அவங்க விஷயம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டேன். மேலதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார் போல. "நீங்க இருக்கிற வரைக்கும் இங்கேருந்து ஒரு தாள் வெளிய போகாது" என்று பாராட்டினார்.

வெட்கமாக இருந்தது. தேநீரைக்கூடக் குடிக்க முடியவில்லை.

மார்ச் 15, சனி

நேற்றிலிருந்து ஒன்றையே சுற்றிச் சுற்றி வருகிறேன். நான் அவளுக்காகத்தான் ஜெபித்தேனா?

இல்லை. உண்மையைச் சொல்கிறேன் — அன்று நான் வாயைத் திறந்ததும் அந்த அறை அப்படியே அடங்கிப்போனது. தையல்காரம்மா வீட்டு மின்விசிறி மட்டும் கேட்டது. நாலு பக்கமும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று விம்மினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்களிடம் முழங்கால் வலி, என்னிடம் மட்டும் இவ்வளவு பெரிய பாரம்! கூட்டம் முடிந்து எல்லாரும் என் கையைப் பிடித்து, "நீங்க ஜெபிச்சா உருக்கமா இருக்குக்கா" என்றார்கள். ஊர்ச் செய்தியெல்லாம் சுமக்கும் ஒரு அம்மாவுக்கு 'ரேடியோ அக்கா' என்று பெயர் வைத்தவளே நான்தான். அந்த அம்மாவாவது கண்ணைத் திறந்துகொண்டு பேசுவாள்.

பாவி நான். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் நான். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். அதைப் போய் நான்...

மார்ச் 19, புதன்

வேலை முடிந்து நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். அவள் தூங்குவதாகச் சொன்னார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

வாசலிலேயே நின்றோம். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை என்கூட வந்தார்.

"எனக்கே அது தெரியாதுக்கா. ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா. எனக்கு யாரு சொன்னாங்க தெரியுமா? காய்கறிக் கடையில வச்சு ரேடியோ அக்கா. 'உங்க வீட்டம்மாவுக்காக ஜெபிக்கிறோம் தம்பி'ங்கிறாங்க. நான் பேந்தப் பேந்த முழிச்சேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதார். தெருவில் நின்று, அவ்வளவு பெரிய மனுஷன்.

மார்ச் 20, வியாழன்

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்.

மார்ச் 26, புதன்

ஜெபக் கூட்டம். என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். ஜெபிக்கவில்லை. "போன மாசம் நான் இங்க பண்ணது ஜெபம் இல்ல, கோள். தயவுசெஞ்சு அதைப் பத்தி யாரும் எங்கேயும் பேசாதீங்க" என்று மட்டும் சொன்னேன். ரேடியோ அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தையல்காரம்மா, "கேட்டுட்டு சும்மா இருந்தது நாங்கதானே" என்றாள்.

நடந்து வரும்போது மனம் லேசானது. உடனே பயமும் வந்தது. மறுபடியும் அவள் துக்கத்தை வைத்துத்தான் நான் நல்லவள் ஆகிறேனா? ஆண்டவர் என்னை மன்னிப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நம்பிக்கையையே சாக்காக வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேனோ என்றுதான் சந்தேகம். அவர் அன்பு இலவசம் என்று எல்லாரிடமும் சொல்லுவேன். எனக்கு அது மலிவாகவே போய்விட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

தங்கச்சி வந்தாள்! வீட்டுக்கு இல்லை, மருத்துவமனைக்கு. மதியம் கோப்பு அறை ஜன்னலில் யாரோ நிற்கிறார்களே என்று நிமிர்ந்தேன். மெலிந்திருந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"போன் ஏன் எடுக்கலன்னு தெரியுமா? நீ மன்னிப்பு கேப்ப. நம்ம சபையில கேட்ட உடனே 'மன்னிச்சேன்'னு சொல்லி, கட்டிப்பிடிச்சு, முடிச்சிரணும். சொல்லலன்னா நான் கெட்டவ. எனக்கு இப்ப சொல்ல வரலக்கா. வராததைச் சொன்னா, ஜெபத்துல உதட்டை அசைச்ச மாதிரிதான் அதுவும்."

யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "நான் தப்பு பண்ணேன். உன்கிட்ட பதில் கேக்கல" என்றேன். 'ஆனா' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, முழுங்கிவிட்டேன்.

போதகர் அவள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டதாகவும், மறுபடி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டதாகவும் சொன்னாள். "அந்த அறைக்குள்ள போனா எல்லாரும் எனக்காக ஜெபிக்கிறது தெரியும். எப்படிக் கதை சொல்றது?" என்றாள்.

பிறகு வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். இப்போது இரண்டு பேரும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார்களாம். "அதுக்காக உனக்கு நன்றி சொல்வேன்னு நினைக்காத" என்றாள். நினைக்கவில்லை என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்க நான் எழுந்து போகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, இல்லை என்று மட்டும் சொன்னேன். ஆண்டவர் என்னைத் தள்ளிவிட்டதாகத் தோன்றவில்லை. என் பக்கத்திலேயே, பெஞ்சில், அவரும் எழுந்து போகாமல் இருந்தது போல் இருந்தது.

மே 11, ஞாயிறு

தங்கச்சி சபைக்கு வரவில்லை. பொடிசுகள் புது டீச்சரோடு பழகிவிட்டன. இப்போது யாரும் என் சேலையைப் பிடித்துக் கேட்பதில்லை. அவள் திரும்பி வந்தாலும் அந்தப் பழைய வகுப்பு இனி இல்லை. அதை என்னால் திருப்பித் தர முடியாது.

ஜூன் 14, சனி

காலையில் அழைப்பு மணி அடித்தது. தங்கச்சி. கேட்காமலே உள்ளே வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, கீரையை இழுத்து வைத்து ஆய ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாதிக் கீரை முடிந்தபோது, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொன்னாள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள்.

என்ன சொன்னாள் என்பதை இங்கேயும் எழுதப் போவதில்லை.