ஆடி கழியட்டும் என்றீர்கள்

நேற்றைய மழையில் படுக்கையறைச் சுவர் மறுபடியும் ஊறிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் ஈரச் சிமெண்டு வாடை. இந்த வாடை வந்தாலே நீங்கள் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ளுக்குள்ள இன்னும் பொதபொதன்னுதான் இருக்கு" என்று எனக்கு அறிக்கை வாசிப்பீர்கள். இன்று நானே தட்டிப் பார்த்தேன். யாரிடம் சொல்வது? அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்த வீட்டை வாங்கினீர்கள். பழனி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரே அச்சில் வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளில் இது மூலை வீடு. பால் காய்ச்சிய அன்று, கட்டிக் கொடுத்தவருக்குத் தாம்பாளத்தில் வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்தீர்கள். எரியோட்டிலிருந்து வந்திருந்த உங்கள் சொந்தம் முழுக்கச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நம் ஆயுசுக்கும் இது ஒரு வீடுதான் என்று அன்றைக்கே நமக்குத் தெரியும்.

அடுத்து வந்த ஆடியில் முதல் மழைக்கே சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். கூரையும் சொட்டியது. கட்டிக் கொடுத்தவர் ஆள் அனுப்பி ஒயிட் சிமெண்டைப் பூசினார். அடுத்த மழைக்கு அது வாயைப் பிளந்தது. மறுபடி பூசினார். நான் கரித்துக் கொட்டுவேன். நீங்கள், "அவரும் மனுசன்தான, செய்வாரு" என்பீர்கள். உங்கள் வேட்டி துண்டு மரியாதையை அவர் இப்படித்தான் திருப்பிச் செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல் அந்த வக்கீல் பெண்ணைப் போய்ப் பார்த்தோம். அவள் தெளிவாகத்தான் சொன்னாள். "குறை தெரியவந்த நாள்லருந்து ரெண்டு வருசம்தான் கெடு ஐயா. அதுக்குள்ள நுகர்வோர் ஆணையத்துல போட்டுறணும். உங்களுக்கு இந்த ஆடிக்குள்ள முடியுது." ஒரே வாரத்தில் மனுவைத் தயார் செய்தும் கொடுத்தாள். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதை வீட்டுக்கு எடுத்துவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஆடியில ஒரு காரியத்தத் தொடங்குனா விளங்குமா? ஆவணி பொறக்கட்டும்."

"ஏங்க, கெடுவே ஆடிக்குள்ளதான?"

"ரெண்டு வருசம் பொறுத்தவுகளுக்கு ரெண்டு வாரம் பெருசா?"

சொன்னது யார்? பழனி பஸ் ஒரு நிமிடம் பிந்திக் கிளம்பினாலும் டிரைவரோடு மல்லுக்கு நின்ற மனிதர்! இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று விடியும்போதே பழனிக்குப் போய், மனுவை முருகன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு, வக்கீலுக்கு ஒரு பை ஆயக்குடிக் கொய்யாவும் வாங்கி வந்தீர்கள். அவள் கொய்யாவை வாங்கிக்கொண்டு, தேதியைப் பார்த்தாள். "ஐயா, கெடு போயிருச்சே" என்றாள். உங்கள் முகம் அப்படிச் செத்துப்போய் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கெடு தாண்டிய வழக்கை எடுக்கவே மாட்டார்கள், சுவர் இடிந்து விழுந்தாலும் கேட்க நாதியில்லை என்பது அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது.

தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் ஆணையம் மன்னிக்கலாம் என்று அவளே ஒரு வழி சொன்னாள். "அந்த நேரத்துல உடம்புக்கு ஏதும் முடியாம இருந்துச்சா ஐயா?" என்று ஆசையாகக் கேட்டாள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருந்தேன்" என்றீர்கள். நான் மேசைக்கு அடியில் உங்கள் தொடையைக் கிள்ளியது நினைவிருக்கிறதா? "ஆடின்னே எழுதும்மா. நடந்தத எழுது" என்று முடித்துவிட்டீர்கள்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆடியில ஜவுளிக்கடை தொறந்திருக்கு, நகைக்கடை தொறந்திருக்கு. இந்த ஆணையமும் தொறந்துதான் இருந்துச்சு." அறையே சிரித்தது. நீங்கள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களை நான் ஆயிரம் கேலி செய்வேன், ஊரான் சிரித்தால் பொறுக்குமா? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த ஆடியில் நீங்கள் கடைசியாக ஒரு தடவை கட்டிக் கொடுத்தவருக்குப் போன் செய்தீர்கள்; அவர் எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். நீங்கள் அதை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி போட்டுக் கேட்டீர்கள். வக்கீல் பெண்ணின் கோட்டைப் பிடித்து இழுத்து உங்கள் போனைக் கையில் திணித்தேன். ஆணையத் தலைவரம்மாவிடம் அனுமதி கேட்டு அவள் அதை ஓடவிட்டாள்.

"சார், ஆடியில வேலைய ஆரம்பிக்க வேணாம். ஆவணி மொத முகூர்த்தத்துல ஆளுகள எறக்கிருவேன். செத்த பொறுங்க."

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு தரப்புக்கும் ஆடியிலயாச்சும் ஒத்துமை இருக்கே" என்றார். தாமதத்தை மன்னித்து வழக்கை எடுத்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் நீங்களே அடுப்படிக்குள் போய்க் காபி போட்டுக் கொடுத்தீர்கள். சர்க்கரை போட மறந்திருந்தீர்கள். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, தை மாதத்தில் ஒரு நாள், குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது.

துக்கம் கேட்க வந்த வக்கீல் பெண் தயங்கித் தயங்கி, வாரிசாக என்னை வழக்கில் சேர்ப்பதற்கும் ஒரு கெடு உண்டு என்றாள். மறுநாளே வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுக்கத் தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பினேன். உங்கள் தங்கை வழிமறித்தாள். "மதினி, முப்பதாம் நாள் கும்பிடாம வாசப்படி தாண்டப்புடாது. ஊரு என்ன பேசும்?"

"ஊரா வந்து ஒழுகுற வீட்டுல படுக்கப் போகுது?" என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அவளும் என்னோடு பஸ் ஏறினாள்.

இப்போது நான்தான் வாய்தாவுக்குப் போய்வருகிறேன். என்னைச் சேர்த்த பிறகும் வழக்கு உங்கள் பெயரில்தான் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை; இந்த மடலிலும் எழுத வரவில்லை. நீங்கள் போன பிறகு மற்றவர்களும் சொல்வதை விட்டுவிட்டார்கள். "அண்ணன்" என்கிறார்கள், "சார்" என்கிறார்கள், "அவுக" என்கிறார்கள். ஆணையத்தில் மட்டும், வாசலில் நிற்கும் உதவியாளர் இனிஷியலோடு முழுப் பெயரையும், தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறார். முதல் தடவை கேட்டபோது நீங்கள் பின்னால் எங்கேயோ உட்கார்ந்திருப்பது போலத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கட்டிக் கொடுத்தவர் இறங்கி வந்துவிட்டார். சுவரை இடித்துப் புதிதாகக் கட்டி, கூரையையும் சரிசெய்து தருகிறேன் என்கிறார். நல்ல முடிவு, வரும் வாய்தாவில் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்கிறாள் வக்கீல் பெண். போட்டுவிடுவேன். நீங்கள் ஆசைப்பட்டதும் அதைத்தான். ஆனால் அதோடு வழக்கு முடிந்துவிடும். உங்களைத் தாமதம் தாமதம் என்று அத்தனை ஏசியவள், இன்னும் ஒரு வாய்தா தள்ளிப் போகாதா என்று இப்போது ஏங்குகிறேன்.

போன வாய்தாவில் உங்கள் பெயரைக் கூப்பிட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அதன் பிறகுதான் எழுந்து, "அவுகளுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்" என்றேன்.