கஞ்சி குடித்த மணப்பெண்

என்னவருக்கு,

நம் மகன் யான்ஃபெங் கல்லறையில் தனியாகக் கிடக்கக் கூடாது, அவனுக்கு மணப்பெண்ணாக்கி அவனோடு சேர்த்துப் புதைக்க இறந்துபோன பெண்ணொருத்தி கிடைத்துவிட்டாள் என்று தரகர் கூ சொன்னார். அதை நம்பி நீங்கள் சுரங்க வேலைக்குத் திரும்பினீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எப்போது இறந்தாள் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு தேதி சொன்னார். திங்கட்கிழமை வாய் தவறிவிட்டது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடும் அண்ணி. பொண்ணோட சித்தப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு."

என்ன ஆகிவிடும்?

அந்தப் பெண் எங்கே என்று விசாரித்துக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். தரகர் சொன்ன பெண், ருவோலான், படுக்கையில் உட்கார்ந்து தினைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் குறைஞ்சிடுச்சு. ஆனா சித்தப்பா ஊசி போட வேணாங்கறாரு. நீங்க யாரு அத்தை?" என்றாள்.

மாமியார் என்றா சொல்வேன்?

அவளுடைய அம்மா தெற்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளிடம் அம்மாவின் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசினேன். நேற்று ஓடி வந்தவள், மகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மகள் நடந்தே வண்டியேறினாள்.

தரகர் வாசலில் நின்று கத்தினார். "எல்லாம் அண்ணன் ஒத்துக்கிட்டதுதானே? உங்களுக்கென்ன வந்துச்சு?"

எதற்கு ஒத்துக்கொண்டீர்கள்? அதை எழுதி அனுப்புங்கள். அதைப் படித்த பிறகுதான் உங்களுக்குக் கதவைத் திறப்பேன். நம் மகன் தனியாகவே இருக்கட்டும்.

அவனைப் பெற்றவள்